நட்சத்திரம் ஆகாத அப்பாக்கள்

சின்னப் பிள்ளைகளுக்குப் படக்கதை எழுத வந்தவர்கள் முதல் வருடம் என் கையில் கொடுத்த ஒன்பது கதைகளில் ஆறில் யாராவது ஒருவர் நட்சத்திரம் ஆகியிருந்தார். மூன்றில் அப்பா, இரண்டில் தாத்தா, ஒன்றில் ஆட்டுக்குட்டி. கடலுக்குப் போன அப்பா திரும்பவில்லை. பிள்ளை அழுகிறது. அப்பத்தா மடியில் போட்டுக்கொண்டு வானத்தைக் காட்டுகிறாள். பிள்ளை சிரிக்கிறது. முற்றும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்க்கவே இல்லை, சத்தியமாக.

அவற்றில் ஒன்றைத் தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளை உட்காரவைத்து வாசித்தோம். ஐந்து வயசுப் பொடியன் ஒருவன் கேட்டான்: "அப்ப பகல்ல அப்பா எங்க இருப்பாக?" அவனைவிடக் கொஞ்சம் பெரியவள்: "மூட்டமா இருந்தா?" எழுதிய அங்கன்வாடி அக்கா என்னைப் பார்த்தார். நான் தெருவைப் பார்த்தேன்.

பாம்பன் தீவிலும் மண்டபம் பக்கமும் தொடக்கப்பள்ளிகளில் 31 வருடம் வேலை பார்த்தவள் நான். ஓய்வுக்குப் பிறகு சின்னப் பிள்ளைகளுக்குப் படக்கதைகள் நான்கு எழுதினேன். அதைப் பார்த்துவிட்டு, நாங்களும் எழுதலாமா டீச்சர் என்று வந்தவர்களோடு 2022இல் உட்கார ஆரம்பித்தேன். பயம், பிரிவு, சாவு, பொறாமை என்று பிள்ளை மனசில் கிடப்பதைப் பற்றிய படக்கதைகள் மட்டும்தான் என்பது எங்கள் ஏற்பாடு. முயலும் ஆமையும் வேண்டாம்.

நாங்கள் கூடுவது மீன்பிடித் தடைக்காலத்தில். விசைப்படகுகள் ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் கரையில் கிடக்கும். நாட்டுப்படகுக்குத் தடை கிடையாது என்றாலும் ஊரின் வேகம் குறைந்துவிடும். ஆண்கள் வலையைப் பிரித்துப்போட்டு வீட்டோடு இருப்பதால், பிள்ளையை அவர்களிடம் விட்டுவிட்டு இரண்டு மணி நேரம் வெளியே வர பெண்களுக்கு முடிகிறது. பள்ளி விடுமுறை என்பதால் வாசித்துப் பார்க்கப் பிள்ளைகளும் கிடைப்பார்கள். கையில் காசு இல்லாத மாதங்கள் என்பதால் வீடுகளில் சத்தமும் கூடுதலாக இருக்கும். அதுவும் கதைகளில் வரத்தான் செய்கிறது.

நட்சத்திரத்துக்கு வருகிறேன். ஐந்து, ஆறு வயசுப் பிள்ளை சொல்லைச் சொல்லாகவே எடுத்துக்கொள்ளும். "சாமிகிட்ட போயிட்டாக" என்றால், ஏன் திருப்பி அனுப்பவில்லை என்று சாமி மேல் கோபம் வரும். "தூங்கிட்டாக" என்பது இன்னும் மோசம். தாத்தா தூங்கிப்போய்விட்டார் என்று சொல்லப்பட்ட ஒரு பிள்ளை ராத்திரி கண்ணை மூட மறுத்து, பகலில் என் வகுப்பில் பெஞ்சின் மேல் சாய்ந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். "செத்துப்போயிட்டாக. இனி வரமாட்டாக." இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. சொன்னாலும் அது நாளைக்கும், மறுநாளும், "எப்ப வருவாக?" என்று கேட்கும். அந்த வயசில் சாவு என்பது திரும்பி வராத ஒன்று என்பது ஒரே தடவையில் பிடிபடாது. ஒவ்வொரு தடவையும் அதே பதிலைச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

இதெல்லாம் எழுத வந்தவர்களுக்குத் தெரியாததா? அவர்களில் பாதிப்பேர் அப்பாவைக் கடலுக்குக் கொடுத்தவர்கள். பிள்ளை அழுவதை நம்மால் பார்த்துக்கொண்டிருக்க முடிவதில்லை, அதுதான் சங்கதி. மூன்று பக்கம் அழவிட்டால் நாலாம் பக்கம் கை தானாக வானத்தைக் காட்டுகிறது. அந்த வெளிச்சம் நமக்குத்தான் வேண்டியிருக்கிறது.

இதைச் சொல்லிக்கொடுக்க எனக்குத் தகுதி இருந்ததா என்றால், அந்த முதல் வருடம் நான் செய்ததையும் சொல்ல வேண்டும்.

கடல்பாசி எடுக்கப் போகும் தங்கச்சி ஒருத்தி வந்தாள். விரலில் துணியைச் சுற்றி, கண்ணாடி மாட்டி, இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு தீவுப் பக்கம் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி எடுக்கிறவள். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். ஆனால் அன்றைக்கு அவள் சொன்ன கதைக்கு என் நாலு புத்தகமும் ஈடாகாது. "நான் தண்ணிக்குள்ள போற நேரமெல்லாம் எம்புள்ள வீட்டுல மூச்சடக்கிக்கிட்டுக் கெடக்குமாம் டீச்சர். அம்மாவுக்குக் கூட்டா."

நான் என்ன செய்தேன்? சிவப்பு மையை எடுத்தேன். "தாயின் அன்பை எண்ணி அவள் உள்ளம் ஏங்கியது" என்று எழுதினேன். கடைசியில் அம்மா மடி நிறையச் சங்கு கொண்டு வருவதாக வைத்தேன். அவள் வாங்கிப் பார்த்தாள். "நல்லாருக்கு டீச்சர்" என்றாள். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. கூட்டத்துக்கு வந்த இன்னொருத்தி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அது எங்கதை இல்ல, டீச்சர் கதைங்குறா."

அவள் வீட்டுக்குப் போய்த் திண்ணையில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன். டீ கொடுத்தாள். வருவதாகவும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. மறு வருடம்தான் வந்தாள்.

அதிலிருந்து முதல் மாதம் நான் பேனாவே எடுப்பதில்லை. கதையைச் சொல்லச் சொல்லி போனில் பதிந்துகொள்வேன். இருமல், "அப்புறம் என்னாச்சுன்னா" எல்லாம் சேர்த்து அப்படியே தட்டச்சு செய்து அவர்களிடமே கொடுப்பேன். தன் பேச்சைத் தாளில் முதன்முதலாகப் பார்க்கும் ஆள் முகத்தில் ஒரு வெட்கம் வரும். அந்த வெட்கம் போகும்வரை ஒன்றும் திருத்தக் கூடாது. பிறகு கேள்விதான். அதுவும் மனசைப் பற்றிய கேள்வி இல்லை. இந்த இடத்தில் பிள்ளை எங்கே நிற்கிறது? கையில் என்ன வைத்திருக்கிறது? யாரைப் பார்க்கிறது? படம் வரையப் போகிறவர் கேட்கிற கேள்விகள் இவை. "அவள் உள்ளம் ஏங்கியது" என்ற வரிக்கு இந்த மூன்றுக்கும் பதில் கிடையாது. எழுதியவரே அடித்துவிடுவார். மூச்சடக்கிக் கிடக்கும் பிள்ளைக்கு எல்லாப் பதிலும் உண்டு. பாயில் கிடக்கிறது, கன்னம் உப்பியிருக்கிறது, ஒரு கையால் மூக்கைப் பிடித்திருக்கிறது, கண் கூரையைப் பார்க்கிறது.

இரண்டாம் மாதம் தாளை மடிப்போம். நான்கு ஏ4 தாளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நடுவில் மடித்தால் 16 பக்கம். பெரிய பதிப்பகங்களின் படக்கதைகள் 24, 32 பக்கம் என்று வரும். எங்களுக்கு நடுவில் இரண்டு பின் அடித்த 16 போதும். முதல் பக்கம் தலைப்பு, இரண்டாம் பக்கம் விவரங்கள், மூன்றாம் பக்கத்தில் கதை தொடங்கும். அதன் பிறகு எதிரெதிர்ப் பக்கங்களாக ஆறு விரிப்பு, கடைசியில் தனியாகப் பதினாறாம் பக்கம். அந்த வெற்றுத் தாள் புத்தகத்தைக் கையில் வைத்துப் புரட்டும்போதுதான், கதை ஏழாம் பக்கத்திலேயே முடிந்துபோனதும், மூன்று பக்கம் ஒரே இடத்தில் நின்றுகொண்டிருப்பதும் தெரியும். வலப்பக்கத்தின் கடைசி வரி புரட்டவைக்கிற வரி. கதவு தட்டப்படுவது அங்கே, யார் வந்தார்கள் என்பது அடுத்த பக்கத்தில். மொத்தமாக இருநூறு சொல்லுக்குள் நிறுத்தச் சொல்வேன். "கறுப்பு நாய் வாலை ஆட்டியது" என்று எழுதினால், நாய் கறுப்பென்பதையும் வால் ஆடுவதையும் படம் சொல்லிக்கொள்ளும், உங்களுக்கு அங்கே வேலை இல்லை என்பேன். கோபப்பட்டுக்கொண்டே அடிப்பார்கள்.

மாதிரிக்கு என்ன வாசிப்பது என்று கேட்பவர்களுக்கு, பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தைக் காட்டுகிறேன். போனிலேயே இலவசமாகத் தமிழ்ப் படக்கதைகள் வாசிக்கலாம், அச்செடுக்கலாம்.

அடுத்தது புயல் கூண்டு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பாம்பனில் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் வகுப்பெடுத்த பெண் ஒருத்தி சிரித்துக்கொண்டே சொன்னாள். துறைமுகத்தில் 3ஆம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று வீட்டில் பேசிக்கொண்டதைக் கேட்டுவிட்டு ஒரு பையன் அவளிடம் வந்து கேட்டானாம்: "அக்கா, புயலப் புடிச்சுக் கூண்டுல போட்டுட்டாகளா?" "அப்ப நீ என்னம்மா சொன்ன?" என்றேன். "அது எச்சரிக்கைடான்னு சொல்லிட்டுப் பாடத்த எடுத்துட்டேன் டீச்சர்." உன் கதை அதுதான் என்றேன்.

எழுதி வந்தாள். அடுத்து நான் மறுபடியும் டீச்சராகிவிட்டேன். கூண்டு 1இலிருந்து 11 வரை உண்டு, பகலில் கம்பத்தில் உருளையும் கூம்புமாகத் தொங்கும், ராத்திரி சிவப்பும் வெள்ளையுமாக விளக்கு, அதையெல்லாம் ஒரு பக்கத்தில் போட்டால் பிள்ளைகளுக்குப் பயன்படுமே என்றேன். அவள் மெதுவாகத்தான் சொன்னாள்: "அவன் தெரிஞ்சுக்கணும்னு கேக்கல டீச்சர். பயந்துபோயிக் கேட்டான்."

அவள் எழுதியபடியே விட்டோம். பையன் தாத்தாவோடு கூண்டைப் பார்க்கப் போகிறான். அது காலியாகத் தொங்குகிறது. தப்பிச்சுப் போயிருச்சா என்கிறான். "புயல் உள்ள இல்லய்யா. வருதுன்னு சொல்ற அடையாளம்" என்கிறார் தாத்தா. பயப்படாதே என்று அவர் ஒரு இடத்திலும் சொல்லவில்லை. வா என்கிறார். இரண்டு பேரும் வல்லம் என்கிற நாட்டுப்படகை மேலே இழுத்து இரட்டைக் கயிறு போட்டுக் கட்டுகிறார்கள். முடிச்சைப் பையன் போடுகிறான். ரேஷன் கார்டையும் ஆதாரையும் பிளாஸ்டிக் பையில் சுற்றுகிறான். கோழியைக் கூடையில் போட்டு மூடுகிறான். காப்பகத்துக்குப் போகிறார்கள், ராத்திரி காற்று கத்துகிறது, அவன் கையில் ஒரு துண்டுக் கயிறு. முடிச்சுப் போட்டு அவிழ்த்து, போட்டு அவிழ்த்து, தூங்கிப்போகிறான். இதை வாசித்துக் காட்டியபோது பிள்ளைகள் கயிறு கேட்டார்கள். இப்போதெல்லாம் வாசிக்கப் போகும்போது பையில் சாக்குக்கயிறு துண்டுகள் வைத்திருக்கிறேன்.

புயல் கதை என்றாலே எங்கள் பக்கத்தில் 1964 டிசம்பர் வந்துவிடும். தனுஷ்கோடி, தண்ணீரில் போன ரயில், தாத்தா கண்ணால் பார்த்த பிணங்கள். அதை எடுத்துவிடச் சொல்வேன். இதில் என்னோடு சண்டை போட்டவர்கள் உண்டு. ஊர் வரலாற்றை மறைக்கிறீர்கள் என்றார் ஒருவர். மறைக்கவில்லை. அது தாத்தாவின் துக்கம், தனிப் புத்தகமாக வரட்டும், வாசிக்கக் கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். ஐந்து வயசுப் பிள்ளை தன் பயத்தையே இன்னும் தூக்கிப் பழகவில்லை. அதன் தலையில் தாத்தாவுடையதையும் ஏற்ற வேண்டாம். இதற்காகவே எல்லோரும் இரண்டு நோட்டு வைத்துக்கொள்கிறோம். எழுதுகிறவருடைய சொந்த வலி முதல் நோட்டில் போகும், யாரும் திருத்த மாட்டார்கள், கேட்டால் மட்டும் வாசிப்போம். அதைக் கொட்டி முடிக்காதவரை பிள்ளைக்கான நோட்டில் ஒன்றும் ஓடுவதில்லை. இது அனுபவம்.

சொற்களைப் பற்றி. எங்கள் பிள்ளைகள் "எனக்குக் கவலையாக இருக்கிறது" என்று சொல்லி நான் கேட்டதில்லை. வயிறு வலிக்குது என்பார்கள். அப்பா போன படகு ஒருநாள் பிந்தினால் என் வகுப்பில் மூன்று பேருக்கு வயிறு வலிக்கும். நெஞ்சு திக்குதிக்குங்குது, தொண்டைல என்னமோ நிக்குது, ஒரு மாதிரியா வருது. மனசு என்ற சொல் வருவதற்கு முன்னால் உடம்பு வந்துவிடுகிறது. ஆகவே கதையிலும் வயிறு வலிக்கட்டும். நடை எளிய எழுத்துத் தமிழில் இருக்கட்டும், பேச்சு அவரவர் ஊர்ப்பேச்சில் இருக்கட்டும் என்பது நாங்கள் கண்டுகொண்ட வழி. முழுக்கப் பேச்சில் எழுதினால் எழுத்துக் கூட்டுகிற பிள்ளை திணறுகிறது. முழுக்க எழுத்துத் தமிழில் எழுதினால் அம்மா செய்தி வாசிக்கிறாள்.

கீழக்கரையிலிருந்து வந்த இளம் தாய் ஒருத்தியின் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. வீட்டுக்காரர் சபரில், வளைகுடாவில். மகளுக்கு வாப்பா என்றால் போன். இரண்டு வருடம் கழித்து அவர் நேரில் வந்து நிற்கிறார். பிள்ளை உம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டு, போனைக் காட்டி, "வாப்பாவைக் கூப்பிடு" என்கிறது. எழுதிய கதையில் அடுத்த பக்கமே ஓடிவந்து கட்டிக்கொண்டது. நான் ஒன்றுதான் கேட்டேன்: "உண்மையில எத்தனை நாள் ஆச்சும்மா?" கொஞ்ச நேரம் பேசவில்லை. "பதினோரு நாள் டீச்சர்."

அந்தப் பதினோரு நாள்தான் இப்போது புத்தகம். ஒவ்வொரு பக்கத்திலும் பிள்ளை ஒரு சாண் நகர்ந்து வருகிறது, அவ்வளவே. நட்ட நடு விரிப்பில், எட்டாம் பக்கத்தில் வாப்பா, ஒன்பதாம் பக்கத்தில் பிள்ளை, நடுவில் மடிப்பும் அந்த இரண்டு பின்னும். வரைந்த தம்பி வேண்டுமென்றேதான் அப்படி வைத்தான். கடைசிக்கு முந்தின விரிப்பில் பிள்ளை போனை வாப்பாவின் முகத்துக்குப் பக்கத்தில் வைத்து இரண்டையும் மாறி மாறிப் பார்க்கிறது. ஐம்பது பிரதி அச்சடித்தோம், தீர்ந்துவிட்டது. கதையை எழுதியவளின் மாமியாருக்கு மட்டும் பிடிக்கவில்லை: "எம்மவன் என்ன அந்நியமா?"

அந்த மாமியார் சொன்னதிலும் நியாயம் உண்டு. நான் அதைப் புரிந்துகொண்டது இன்னொரு தப்பில். எங்களில் ஒருவர், ஒரு வீட்டில் அப்பா குடித்துவிட்டு வந்து செய்த ரகளையை அந்தப் பிள்ளை சொன்னபடியே எழுதிவிட்டார். பெயரை மாற்றியிருந்தார். ஆனால் பச்சைக் கதவு, மூன்றுகால் நாய், முறிந்த பனை எல்லாம் அப்படியே. சின்ன ஊர். வாசித்த அன்று சாயங்காலமே யார் வீடு என்று தெரிந்துபோனது. அந்தப் பிள்ளை அதன் பிறகு வாசிப்புக்கு வரவில்லை. நான்தான் முதலில் வாசித்தவள், எனக்கும் அந்தக் கதவு தெரியும், அப்போது ஒன்றும் தோன்றவில்லை. இப்போது ஊர், உறவு, பிள்ளை ஆணா பெண்ணா, இந்த மூன்றில் குறைந்தது இரண்டு மாற வேண்டும். பெரியவர் சம்மதம் மட்டும் போதாது, பிள்ளையிடமும் கேட்க வேண்டும். கேட்டால் பெரும்பாலும் சரி என்றுதான் சொல்கிறது, நாயை மட்டும் மாத்தாதீங்க என்கிறது.

அப்பா குடிக்கிறார், அம்மா தனக்குத்தானே பேசுகிறாள், தம்பி பிறந்ததும் செத்துவிட்டான், எதுவானாலும் பிள்ளை உள்ளுக்குள் நம்புவது ஒன்றுதான்: நான் ஏதோ செய்ததால்தான். சோறு வேண்டாம் என்றேன், தம்பி வேண்டாம் என்று நினைத்தேன், அதனால்தான். ஏர்வாடிப் பக்கத்துத் தம்பி ஒருவர் மனநலம் சரியில்லாத அம்மாவைப் பற்றி எழுதினார். 2001இல் அங்கே ஒரு காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்துபோன ஊர் அது. சங்கிலி என்ற சொல் அவர் கதையில் ஒரு தடவைகூட வரவில்லை. அத்தை பிள்ளைக்குத் தலைசீவிக்கொண்டே சொல்கிறாள்: "அம்மாவுக்கு வந்தது ஒரு நோய். நீ செஞ்சதால வரல. நீ சேட்டை பண்ணாம இருந்தாலும் வந்திருக்கும்." மூன்றே வரி. அதற்கு அவர் ஐந்து மாதம் எடுத்துக்கொண்டார்.

கதை மருந்து இல்லை என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுகிறேன். வாசித்து முடித்ததும் "இந்தக் கதை என்ன சொல்லுது?" என்று கேட்காதீர்கள். புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா இருங்கள். எந்தப் பக்கத்துக்குப் பிள்ளை திரும்பப் போகிறது என்று மட்டும் கவனியுங்கள். சில நேரம் அப்போதுதான் பிள்ளை ஏதாவது சொல்லும். அடி, தொடுகை என்று எது வந்தாலும் அது உங்கள் அடுத்த கதைக்கான சரக்கு கிடையாது, குழந்தைகள் உதவி எண் 1098க்குப் பேசுங்கள். எழுதுகிறவருக்கே முதல் நோட்டு தாங்கமுடியாமல் போனால் மனநல உதவிக்கான டெலி மானஸ் 14416 இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். எங்களில் ஒருவர் பேசியிருக்கிறார்.

இந்த வருடக் கதைகளில் நட்சத்திரமே இல்லை. கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தேன், தங்கச்சிமடத்துத் தம்பி தன் தாள் புத்தகத்தைக் கொண்டுவரும்வரை. அவனுக்கு ஏழு வயசாக இருந்தபோது அவன் அப்பாவை எல்லை தாண்டியதாகப் பிடித்துப்போய், கடலுக்கு அந்தப் பக்கம் சிறையில் வைத்திருந்தார்கள். அம்மா மனுவோடு அலைந்தது, வீட்டில் அப்பாவின் சட்டையைத் துவைக்காமல் வைத்திருந்தது, மற்ற பிள்ளைகளின் அப்பாக்கள் வரும்போது இவன் கரைக்குப் போகாமல் இருந்தது எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கிறது. ஒரு சொல் மிகையில்லை. பதினாறாம் பக்கத்தில் அப்பா வந்து வாசலில் நிற்கிறார்.

நான் ஆரம்பித்துவிட்டேன். தம்பி, வாசிக்கிற பிள்ளையோட அப்பா இன்னும் வராம இருக்கலாம், வந்துருவாகன்னு நாம சொல்லிட்டு அவர் வரலைன்னா, சட்டையோட நிறுத்திக்கோ, காத்திருக்கிறதோட நிறுத்திக்கோ என்று. எனக்கு நன்றாகவே பேச வரும்.

அவன் முழுக்கக் கேட்டான். தாள் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சொன்னான்: "எங்கப்பா வந்தாரு டீச்சர்."

இரண்டு விதமாகவும் மடித்து வைத்திருக்கிறோம். ஒன்றில் கடைசிப் பக்கத்தில் அப்பா நிற்கிறார், இன்னொன்றில் சட்டை மட்டும் கொடியில் தொங்குகிறது. ஜூன் 14க்குள் மூன்று ஊரில் வாசித்துப் பார்ப்பதாகப் பேச்சு. வரைகிற தம்பி பதினைந்தாம் பக்கம்வரை முடித்துவிட்டு, என்ன முடிவு என்று தினம் போன் செய்கிறான்.